யார் தொட்டது என்று கேட்காதீர்கள்

நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இதைக் குரூப்பில் குரல் பதிவாகப் போட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பீர்கள், நான் அணில் மாதிரிக் கீச்சிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். மெதுவாக ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து உங்களைக் கவனிக்கிறேன். உங்களுக்கு அது எரிச்சலாக இருக்கிறது என்பதும் தெரியும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், உங்கள் கைவேகம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் வாயிலிருந்து இரண்டு வாக்கியங்கள் வந்துவிடுகின்றன. முதல் வாக்கியம், "இத யாரு தொட்டது?" இரண்டாவது வாக்கியம், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம்." இரண்டாவதைப் பற்றி வாய் வலிக்கச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். முதலாவதைப் பற்றி இதுவரை நான் எதுவும் சொன்னதில்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய ஐப்பசியில் நடந்தது இது. மலையில் அந்த மாதத்தைத் துலாம் என்பார்கள், மலையாளத்துக்காரர்களோடு பழகிப் பழகி வந்த பேச்சு. போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டம். அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்கச் சனிக்கிழமை போயிருந்தேன். சாயங்காலம் சோலி முடிந்ததும் மேனேஜர் தன் அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கொச்சிக்குக் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர்கள், மோடம் எல்லாம் அந்த அறைக்குள்தான். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். கதையின் நடுவில் "ஒரு கேபிளைச் செருகியிருக்கலாமே" என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன்.

அன்றிரவு முருகேசன் வீட்டில் தங்கினேன். அந்தத் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரின் பொறுப்பு அவனுடையது. பறித்து வந்த பச்சைக் காயை உள்ளே ஏற்றிவிட்டால், அது காய்ந்து இறங்கும்வரை சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் காயின் நிறம் போய்விடும், போடிச் சந்தையில் அந்தக் காயைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. அதனால் அவனும் அவன் மனைவி ஈஸ்வரியும் மாற்றி மாற்றி நெருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுடைய வீடு, ஸ்டோர், ஆபீஸ் மூன்றும் ஒரே வரிசைக் கட்டடம். தோட்டம் ஒரு பள்ளத்தில் இருப்பதால் செல்போனில் சிக்னல் என்பதே கிடையாது. ஆபீஸ் வைபைதான் சுவரைத் தாண்டி அவர்கள் வீட்டுக்கு வரும். மேனேஜர் பெரிய மனது பண்ணிக் கொடுத்தது.

அந்த வைபையைப் பிடிக்க அவர்களிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. முருகேசனின் தங்கை கவிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. கல்யாணமாகி மலைக்குக் கீழே ராசிங்காபுரம் போகும்போது, "நீ மலையில தனியா கெடப்ப, இதுல எங்கூடப் பேசு" என்று அண்ணனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது மூச்சுமுட்டி நின்றுபோனபோது நான்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் அதில்தான் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், அதுவும் கவிதாவின் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

ஏன் அப்படி என்றால், மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முருகேசன் தன் கல்யாணத்துக்கு, தங்கையின் கணவரான பாண்டியை நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்காமல், போனில் கூப்பிட்டுவிட்டான். காய்ப் பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம், இறங்க முடியவில்லை. நம் ஊரில் இதெல்லாம் எடுபடுமா? கட்டிக்கொடுத்த வீட்டு மாப்பிள்ளையைப் போனில் அழைப்பதா என்று பாண்டி கல்யாணத்துக்கே வரவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழி மெல்ல மெல்லப் புதுப்பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. ஈஸ்வரி வந்த நேரம்தான் அண்ணன் மாறிவிட்டான் என்று ராசிங்காபுரத்தில் பேச்சு. கல்யாண மேடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பெண் அழைப்பிதழுக்கு என்ன செய்வாள்? இதைக் கேட்கத்தான் யாருமில்லை.

இப்போது கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை, ராசிங்காபுரத்தில் குலசாமி கோயிலில், கிடாவெட்டோடு. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா இல்லாத கவிதாவுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஓர் அண்ணன்தான். அவள் கணவரிடம் மன்றாடி, சண்டை போட்டு, அண்ணனை அழைக்கச் சம்மதம் வாங்கியிருந்தாள். சீர்த்தட்டும் கம்மலும் வெள்ளிக்கிழமையே ஜீப்பில் இறங்கிவிட்டன. அவற்றின் பின்னால் தாய்மாமன் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு காலையில் முருகேசன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். "நீயும் வாயேன்" என்றான் மனைவியிடம்.

"நான் வந்தா உங்க மாப்ளே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. நல்ல காரியம் நடக்குற எடத்துல எதுக்கு? நெருப்ப யாரு பாக்குறது? நீங்க போயிட்டு வாங்க" என்றாள் ஈஸ்வரி. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் அவனோடு ஜீப்பில் ஏறினேன். மழை விடாமல் பெய்தது. போடிமெட்டில் வண்டியை மறித்துவிட்டார்கள். மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே மண் சரிந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தது. குமுளி வழியாகச் சுற்றிப் போகலாமா என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கமும் மரம் விழுந்து கெடக்குண்ணே. போய்ச் சேருறதுக்குள்ள ராகுகாலம் வந்துரும்" என்று டிரைவர் கையை விரித்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலத்தில் வரும். அதற்குள் காது குத்தியாக வேண்டும்.

போடிமெட்டில் சிக்னல் இருந்தது. முருகேசனிடமும் டிரைவரிடமும் இருந்தது பட்டன் போன். முருகேசன் ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையைக் கூப்பிட்டான். ரோடு அடைபட்ட சேதியைச் சொன்னான்.

கவிதா சொன்னாள். "அண்ணே, நீ வராம எம்புள்ள காதுல ஊசி படாது. நேர்ல முடியாட்டி வீடியோவுலயாச்சும் வந்து உன் வாயால சொல்லு. இங்க ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தர் மடியில உக்கார வைக்கலாம்னு பெரியவுக பேசிட்டு இருக்காக. அப்படி மட்டும் உக்கார வச்சுட்டாகன்னா, அப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒன்னு இல்லண்ணே."

"வர்றேன் ஆத்தா. வெரசா வீட்டுக்குப் போயி லேப்டாப்புல வர்றேன். நீ போனக் கையிலயே வச்சிரு" என்றான் முருகேசன். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான். என் போனை அவனுக்குக் கொடுக்கலாம் என்று சட்டைப்பையைத் துழாவினால், ஜீப்பை விட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்ததில் அது தெப்பமாக நனைந்து திரை கறுத்துக் கிடந்தது. அரிசிப் பானைக்குள் போடுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பியபோது மத்தியானம். ஞாயிறு என்பதால் வேலையாட்கள் யாரும் இல்லை. கரண்டும் இல்லை. ஸ்டோருக்காக ஜெனரேட்டர் ஓடியது, மோடத்துக்கும் அதிலிருந்துதான் மின்சாரம். ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், மோடத்தின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. அப்பாடா என்று இருந்தது.

திரும்பி வந்த கணவனைப் பார்த்ததும் ஈஸ்வரி திகைத்தாள். "என்னங்க ஆச்சு?"

"மண்ணு சரிஞ்சிருச்சு. போகவேண்டாம்னுதான நெனச்ச? இப்பச் சந்தோஷமா?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பாவம், அவன் மனதில் இருந்த பாரத்தை இறக்கிவைக்க அருகில் இருந்தவள் அவள் ஒருத்திதானே.

முருகேசன் லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தான். கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். "வைபையே காட்ட மாட்டேங்குதுண்ணே. நேத்து நல்லா இருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். வைபை அணைந்திருப்பதாகக் காட்டியது. போடச் சொன்னால் போடுவது போலப் பாவனை செய்துவிட்டு மறுபடி அணைந்தது. அவ்வளவுதான், முருகேசன் பிடித்துக்கொண்டான். "நேத்து ராத்திரி நீங்க என்னமோ அப்டேட்டு போட்டீகள்ல? அதுலருந்துதான் போயிருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்துங்கண்ணே. பென்டிரைவு வச்சிருக்கீகள்ல?"

பிள்ளைகளே, பென்டிரைவ் என் பையில்தான் இருந்தது. முந்தின இரவு அப்டேட் போட்டதும் நான்தான். எதிரே ஒருவன் வெள்ளை வேட்டியோடு நிற்கிறான். அந்த நேரத்தில் எதையாவது செய்துகொண்டிருப்பது மாதிரிக் காட்டிக்கொண்டால் போதும் என்று தோன்றும். புதிதாக ஏற்றினால் திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், பார்ப்பவருக்கும் ஒரு நிம்மதி, நமக்கும் ஒரு நிம்மதி. ஆனால் ஏற்றி முடித்த பிறகும் வைபை வராவிட்டால்? ராகுகாலம் நமக்காகக் காத்திருக்காது. அப்டேட் போட்ட பிறகு, படுக்கப் போகுமுன் நானே அதில் மெயில் பார்த்தேன். ஆகவே நோய் அங்கே இல்லை. "ஒரு நிமிசம் பொறு முருகேசா" என்று உட்கார்ந்தேன். அவன் என் கழுத்துக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தேன். எந்தக் கட்டளை என்று உங்களுக்கே தெரியும், தெரியாதவர்கள் இன்று கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வரி பதில் வந்தது. மென்பொருளில் தடை இல்லை என்றது ஒரு வரி. வன்பொருளில் தடை இருக்கிறது என்றது அடுத்த வரி. அதாவது வைபையை இயக்கும் டிரைவர் மென்பொருளும் நன்றாக இருக்கிறது, அப்டேட்டும் நன்றாக இருக்கிறது. பெட்டியில் எங்கேயோ இருக்கும் சுவிட்சை ஒரு கை அணைத்திருக்கிறது.

எனக்கு ஒரே கொண்டாட்டம். அப்டேட்டின் மேல் விழுந்த பழி நீங்கியது பாருங்கள், அந்தக் கொண்டாட்டம். "இத யாரு..." என்று வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் அந்த நொடியில் ஓர் இடி இடித்தது. கட்டடமே அதிர்ந்தது.

ஈஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். துலாம் மாதத்து இடி எப்படி இருக்கும் என்று கீழே போடியில் இருப்பவர்களுக்குப் புரியாது. மேட்டில் இருக்கும் டிஷ் வழியாக இறங்கி டி.வி.யைக் கரியாக்கிவிட்டுப் போகும். இவர்கள் வீட்டிலேயே ஒரு டி.வி. அப்படிப் போயிருக்கிறது. அதனால் மலையில் முதல் உறுமல் கேட்டதும் வீட்டுப் பெண்கள் ஒரு சுற்று வருவார்கள். எதெல்லாம் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் கரண்டை இழுக்குமோ அதையெல்லாம் கழற்றிவிடுவார்கள். ஈஸ்வரியும் டிஷ் கேபிளைக் கழற்றினாள், மிக்ஸி பிளக்கைப் பிடுங்கினாள், ரேடியோவின் ஏரியலை மடக்கினாள், லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவினாள். எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேகம். கடைசியில் அவள் கை லேப்டாப்பின் முன்விளிம்பை நோக்கி வந்தது.

முருகேசன் முறைத்தான். "ஏய், அதப் போயி ஏன் தொடுற? அண்ணன் பாத்துட்டு இருக்காருல்ல?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கை எங்கே புறப்பட்டது என்று நான் பார்த்துவிட்டேன். முன்விளிம்பில் நகத்தின் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்சு, அதற்குப் பக்கத்தில் அலையடிக்கும் ஒரு கோபுரத்தின் படம். செல்போன் டவரில் இடி விழுவதை வருஷாவருஷம் பார்க்கிறவள் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? நாங்கள் ஜீப்பில் போயிருந்தபோது ஒருமுறை இடித்திருக்கிறது, அவள் ஒரு சுற்று வந்திருக்கிறாள், அதையும் தள்ளிவிட்டிருக்கிறாள். இடி ஓய்ந்ததும் மற்றதையெல்லாம் திரும்பச் செருகியவள், இந்தச் சுவிட்சை மட்டும் மறந்திருக்கிறாள். அதுதான் வைபையின் சுவிட்சு என்பது அவளுக்குத் தெரியாது. முருகேசனுக்கும்தான்.

இப்போது நான் எதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். "ஒன்னுமில்ல முருகேசா, உன் பொண்டாட்டி சுவிட்ச அணைச்சிருக்கா" என்று சொன்னால் அது முழு உண்மை. ஆனால் காலையில் வரமாட்டேன் என்றவள் அவள். வீட்டில் தனியாக லேப்டாப்போடு இருந்தவள் அவள். நாத்தனார் வீட்டில் ஏற்கெனவே பழி சுமப்பவள் அவள். கொஞ்சம் முன்பு கணவனே அவளைப் பார்த்து "சந்தோஷமா?" என்று கேட்டிருக்கிறான். அந்த உண்மையை அந்த நேரத்தில் அவன் கையில் கொடுத்தால் அவன் அதை வைத்து என்ன செய்வான் என்று எனக்குப் பயமாக இருந்தது. வைபை வந்துவிடும், சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

"முருகேசா, சூடு எறங்குற மாதிரி இருக்கு. போயி நெருப்பப் பாத்துட்டு வா. அதுக்குள்ள ஆயிரும்" என்றேன்.

"இப்பவாண்ணே?"

"இப்பத்தான். நீ பின்னால நின்னா எனக்குக் கை ஓடல."

அவன் போனான். நான் பெருவிரலால் அந்தச் சுவிட்சைத் தள்ளினேன். சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது, திரையில் வைபை வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் ஈஸ்வரி என் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணே... அப்ப நானா?"

"வைபை வந்திருச்சு தாயி. அவ்வளவுதான்."

"அவரு கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ மூஞ்சியக் கழுவிட்டு வா. நாத்துனா புள்ளைக்கு நல்ல காரியம், அழுத மூஞ்சியோட நிக்கக்கூடாது."

முருகேசன் திரும்பி வந்து திரையைப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே கோளாறு?" என்று கேட்டான். "இடிக்காக அடைச்சிருந்துச்சு, தொறந்துட்டேன்" என்றேன். அதில் பொய் இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன்.

நாம் கோளாறைக் கண்டுபிடிக்கக் கூலி வாங்குகிறோம், ஆளைக் கண்டுபிடிக்க அல்ல. நீங்கள் "யாரு தொட்டது?" என்று கேட்கும்போது உங்களுக்கு அது ஒரு தகவல். ஆனால் ஒரு வீட்டுக்குள் அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரு பெயர் தயாராக இருக்கும். மருமகளின் பெயர், வீட்டோடு இருக்கும் மாமனாரின் பெயர், பரீட்சையில் தோற்ற பையனின் பெயர். நீங்கள் பெட்டியைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன். மணி அடித்ததும் கவிதா எடுத்தாள். பின்னால் கோயில் மரம், கூட்டம், கறி வேகும் புகை. பட்டுப்பாவாடையில் குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் போனை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"எம்புட்டு நேரம்ணே? இவுக எல்லாம் இலையப் போடச் சொல்லிட்டாக."

அதற்குள் பக்கத்திலிருந்து பாண்டியின் குரல். ஆளைக் காணவில்லை, குரல் மட்டும் கணீரென்று வந்தது. "கல்யாணத்துக்குப் போன்ல கூப்பிட்டாரு. சீர லோடு மாதிரி ஜீப்புல ஏத்தி விட்டாரு. காதுகுத்துக்கும் போன்லயே வந்துட்டாரா? அதுவும் இவ்வளவு நேரம் கழிச்சு. அந்தம்மா விட்டிருக்க மாட்டாக."

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். தன் கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் அவன் அப்படித்தான் ஆவான். நான் மூடிவைத்தது இந்த இடத்தில் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதற்குள் ஈஸ்வரி எங்களுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டாள். கழுவிய முகத்தில் இன்னும் ஈரம். திரைக்கு நேராகக் குனிந்து நின்றாள்.

"ஆமாண்ணே, நேரமானதுக்கு நான்தான் காரணம்" என்றாள், முகம் தெரியாத பாண்டிக்குக் கேட்கும்படி. பிறகு கவிதாவிடம் திரும்பினாள். "இடி இடிச்சுச்சு கவிதா. நான்தான் சுவிட்ச அணைச்சேன். அது வைபைன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. இது நீ பள்ளிக்கூடத்துல வாங்குன பொட்டி. உங்கண்ணனுக்குன்னு நீ குடுத்துட்டுப் போன ஒரே பொருளு. டி.வி. எரிஞ்சப்ப நான் கவலப்படல. இது எரிஞ்சா உன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? அதான் அணைச்சேன்."

முருகேசன் தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

நான் சொல்லியிருந்தால் அது அவள்மேல் ஒரு புகாராகப் போயிருக்கும். அவளே சொன்னபோது அவள் மனசு வெளியே வந்தது. அதற்கு நான் செய்த உதவி, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

திரையில் கவிதா அழுகையும் சிரிப்புமாக, "மதினி, இங்க இவரும் அதத்தான் செஞ்சிருக்காரு. ரெண்டு இடி இடிச்சதும் மைக்செட்டையே கழட்ட வச்சுட்டாரு. பாட்டும் இல்ல, ஒன்னும் இல்ல, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கோம்" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "வாடகை செட்டு, எரிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று பாண்டி முனகுவது கேட்டது. முனகிக்கொண்டே அவர் திரைக்குள் வந்துவிட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் அந்த அழைப்புத் தகராறுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து, "ராகுகாலம் வரப்போகுதப்பா, யாரு மடியில உக்கார வைக்கிறதுன்னு ஒரு முடிவச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினார்.

முருகேசன் கையைக் கூப்பினான். "மாப்ளே, கல்யாணத்துக்கு நேர்ல வராம போனுல கூப்பிட்டது எந்தப்பு. இவ மேல ஒன்னுமில்ல. என்னைய நீங்க என்ன வேணாலும் பேசுங்க. ஆனா எம் மருமகள வேற யாரு மடியிலயும் உக்கார வைக்க வேண்டாம். நீங்களே உக்காருங்க மாப்ளே."

"அப்பன் மடியில வச்சு எங்கப்பா காது குத்துறது? ஊர்ல வழக்கமில்லையே" என்றார் அதே பெரியவர்.

பாண்டி மச்சானின் கூப்பிய கையையும், அவனுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஈஸ்வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவிதாவிடம், "புள்ளையக் கொண்டா" என்றார். துண்டை உதறி விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை வாங்கித் தொடையில் வைத்துக்கொண்டார். "போன நல்லாத் தெரியுற மாதிரிப் பிடி" என்று மனைவியை அதட்டினார். அப்புறம் நேராகத் திரையைப் பார்த்தார்.

"நான் சும்மா உக்கார்றேன் மச்சான். மடி உங்களுது."

ஆசாரி குழந்தையின் காதைப் பிடித்தார். நான் முருகேசனைத் தேடினேன், நாற்காலியில் காணவில்லை. எப்போது இறங்கினான் என்று தெரியவில்லை, திரைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வெள்ளை வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஈஸ்வரி. அவனுடைய இரண்டு கைகளும் வெறும் மடியில் ஒரு பிள்ளையைப் பிடித்திருப்பது போல வளைந்திருந்தன. ஊசி இறங்கியதும் மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் காதடைக்கிற மாதிரி குழந்தை வீறிட்டது. அவன் கைகள் இறுகின.

"அழாத தங்கம், அழாத" என்றான். "மாமன் பிடிச்சிருக்கேன்ல."